லினக்ஸ் மின்ட் போட்ட டெஸ்க்டாப்பில் வைஃபை தெரியவே இல்லை, ‘வயர்டு’ மட்டும் காட்டுகிறது

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இயங்குதளம் போட்டிருக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், புதிதாக ஒரு எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த பிராசஸருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. மெஷின் நன்றாக ஓடுகிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. நண்பனிடம் மின்ட் பென்டிரைவ் இருந்தது, அதிலிருந்து போட்டேன்.

இன்ஸ்டால் சுத்தமாக முடிந்தது. சவுண்டு வருகிறது, பிரிண்டர் தானாகவே வந்துவிட்டது. வைஃபை மட்டும் இல்லை. நெட்வொர்க் ஐகானை அழுத்தினால் ‘வயர்டு’ என்ற ஒரே வரிதான். பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்கூட வரவில்லை, ஆன்/ஆஃப் பொத்தானே இல்லை.

நாங்கள் பயன்படுத்துவது யூஎஸ்பி வைஃபை டாங்கிள். பெட்டியில் ‘600 எம்பிபிஎஸ், டூயல் பேண்ட், டிரைவர் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறது. விண்டோஸில் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. லினக்ஸில் செருகினால் ஒரு சிடி டிரைவ் ஐகான் வருகிறது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸ் செட்டப் கோப்பு ஒன்று இருக்கிறது.

நெட்டில் தேடினால் ஒருவர் விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் போடச் சொல்கிறார், இன்னொருவர் கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் டிரைவரின் மூலநிரலை எடுத்து நாமே கம்பைல் பண்ணச் சொல்கிறார், மூன்றாமவர் வேறு டிஸ்ட்ரோவுக்கு (வேறு லினக்ஸ் வகைக்கு) மாறச் சொல்கிறார். ரூட்டர் மாடியில் இருக்கிறது, கேபிள் இழுக்க வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

கட்டளைவரி:

வாங்க தம்பி. முதலில், இன்னும் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். அந்த மூன்று யோசனையும் மூன்று வேறு வேறு சிப்புக்குச் சொன்னதாக இருக்கலாம். உங்கள் டாங்கிளுக்குள் என்ன சிப் என்று தெரியாமல் எந்த டிரைவரும் போடக்கூடாது. என்டிஐஎஸ்ராப்பர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவர்களுக்காக வந்தது, அதை அப்படியே மறந்துவிடுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளாகத் தட்டுங்கள். இந்த நான்கின் பதில் வேண்டும்:

எல்எஸ்யூஎஸ்பி
எல்எஸ்பிசிஐ -என்என்கே
ஐபி லிங்க்
யூநேம் -ஆர்

முதலாவது யூஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் காட்டும். இரண்டாவது மதர்போர்டிலும் அதன் ஸ்லாட்டுகளிலும் இருப்பதைக் காட்டும், ஒவ்வொன்றையும் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பதும் கீழ்வரியில் வரும். மூன்றாவது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உருவாக்கி வைத்திருக்கும் நெட்வொர்க் இடைமுகங்கள். நான்காவது கர்னல் எண். இந்தப் பிரச்சினையில் பாதி விடை பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கும்.

ஐபி லிங்க் பதிலில் டபிள்யூஎல் என்று தொடங்கும் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது, சிக்கல் அதற்கு மேலே. இல்லையென்றால் சிக்கல் கீழே: வன்பொருளே தெரியவில்லை, அல்லது டிரைவர் இல்லை, அல்லது ஃபர்ம்வேர் (சிப்புக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு) இல்லை. இதைப் பிரித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பழையமதர்போர்டு:

தம்பி, கோயம்புத்தூர்ல சிஸ்டம் சர்வீஸ் பண்றேங்க. உங்க கேஸ் டாங்கிள், அதனால பிரச்சினை இல்லை. ஆனா இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன்.

டெஸ்க்டாப்புல வைஃபை உள்ளேயே இருக்கும்னு நினைக்காதீங்க. லேப்டாப்ல எப்பவும் இருக்கும், டெஸ்க்டாப்ல பாதிக்கு மேல இருக்காது. ‘லினக்ஸ் போட்டதும் வைஃபை போயிடுச்சு’ன்னு ஒருத்தர் கேபினெட்டைத் தூக்கிட்டு வந்தார். விண்டோஸ்ல இருந்தப்போ டாங்கிள் சொருகியிருந்தாங்க, அது வீட்லயே மேஜை மேல கிடந்திருக்கு. பின்னாடி ஆன்டெனா மாட்டற ரெண்டு ஓட்டையைப் பார்த்துட்டு வைஃபை இருக்குன்னு நம்பிட்டாங்க. சில போர்டுல ஓட்டையும் கார்டு மாட்டற எம்.2 ஸ்லாட்டும் மட்டும் குடுத்திருப்பாங்க, கார்டை நாமதான் வாங்கிப் போடணும். எல்எஸ்பிசிஐ பதில்ல ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’னு ஒரு வரியும் இல்லாம ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ மட்டும் இருந்தா, உள்ளே வைஃபை இல்லைன்னு அர்த்தம். அதுக்கு எந்த டிரைவரும் உதவாது.

பொருநைக்கரை:

பதில்கள் இதோ அண்ணா. மொபைலில் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறேன்.

எல்எஸ்யூஎஸ்பி: கீபோர்டு, மவுஸ், ஹப்புகள் போக ஒரு வரி. ‘0பிடிஏ:1ஏ2பி ரியல்டெக் ஆர்டிஎல்8188ஜியூ 802.11என் டபிள்யூலேன் அடாப்டர் (டிரைவர் சிடிராம் மோட்)’.

எல்எஸ்பிசிஐ: ஈதர்நெட் கன்ட்ரோலர் ஒன்று. வயர்லெஸ் எதுவும் இல்லை.

ஐபி லிங்க்: எல்ஓ, இஎன்பி என்று தொடங்கும் ஒன்று. டபிள்யூஎல் எதுவும் இல்லை.

யூநேம்: 5.15-இல் தொடங்குகிறது.

அப்படியானால் சிப் 8188ஜியூ தானே? ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று படித்தேன். எங்கள் டாங்கிள் டூயல் பேண்ட். விண்டோஸில் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இணைந்திருந்தது.

கட்டளைவரி:

நீங்கள் கவனித்தது மிகச் சரி. அந்தப் பெயரை நம்பாதீர்கள். 0பிடிஏ என்பது ரியல்டெக் நிறுவனத்தின் எண். 1ஏ2பி என்பது எந்த சிப்பின் எண்ணும் இல்லை. பல ரியல்டெக் டாங்கிள்கள் செருகியவுடன் இந்த ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்த நிலையில் அது வைஃபை கருவியே கிடையாது, வெறும் சிடி டிரைவ். அந்த எண்ணுக்கு யூஎஸ்பி பெயர்ப் பட்டியலில் பதிவாகியிருக்கும் பெயர் 8188ஜியூ என்பதால் அந்தப் பெயர் உங்களுக்கும் வருகிறது.

‘டிரைவர் ஃப்ரீ’ என்று பெட்டியில் போட்டிருப்பதன் விஷயமே இதுதான். டாங்கிளுக்குள் சின்ன சேமிப்பு ஒன்று வைத்து, விண்டோஸ் டிரைவரை அதில் போட்டிருப்பார்கள். விண்டோஸில் முதல் தடவை செருகும்போது சிடியாக வந்து செட்டப்பை ஓட்டும். டிரைவர் ஏறியதும் அந்த டிரைவரே டாங்கிளை வைஃபை நிலைக்கு மாற்றிவிடும். லினக்ஸில் அந்த மாற்றத்தைச் செய்ய யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற கருவி உண்டு, மின்டில் அது ஏற்கெனவே இருக்கும். ஆனால் எல்லா டாங்கிளுக்கும் தானாக நடந்துவிடுவதில்லை.

கையால் செய்து பார்ப்போம். அந்த சிடி ஐகான் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். டாங்கிளை வெளியே எடுக்காதீர்கள். அஞ்சாறு நொடி பொறுத்து மறுபடி எல்எஸ்யூஎஸ்பி. 0பிடிஏ-வுக்குப் பிறகு வரும் எண் மாறியிருக்கிறதா என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையான சிப்.

வன்னிநிலா:

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். இதே 1ஏ2பி எனக்கும் வந்தது. எஜெக்ட் குடுத்த பிறகு 0பிடிஏ:பி711 எண்டு மாறினது. அது உண்மையாவே 8188ஜியூ. ஆகவே ஒரே எண்ணைக் காட்டுற ரெண்டு டாங்கிளுக்குள்ள ரெண்டு வேற சிப் இருக்கலாம். பொருநைக்கரை, உங்கட எண் என்ன எண்டு பார்த்திட்டுத்தான் டிரைவர் தேடுங்கோ. நான் 8821-க்கான டிரைவரை இறக்கி வீணா மினக்கெடாமல் தப்பினது அந்த எண்ணைப் பார்த்ததாலதான்.

பொருநைக்கரை:

மாறிவிட்டது! சிடி ஐகான் மறைந்தது, டாங்கிள் லைட் ஒருமுறை அணைந்து எரிந்தது. இப்போது ‘0பிடிஏ:சி811 ரியல்டெக் 802.11ஏசி என்ஐசி’ என்று வருகிறது.

ஆனால் வைஃபை இன்னும் வரவில்லை. ஐபி லிங்க் பதிலில் முன்பு இருந்த அதே இரண்டுதான்.

கட்டளைவரி:

சி811 என்றால் 8811சியூ. பெட்டியில் இருக்கும் 600 என்ற எண்ணுக்கும் பொருந்துகிறது: 2.4-இல் 150, 5-இல் 433, கூட்டி மேல்நோக்கி 600 என்று போட்டுவிடுவார்கள்.

இப்போது இரண்டாவது தடை. உங்கள் கர்னல் 5.15. இந்த யூஎஸ்பி சிப்புக்கான டிரைவர் அதிகாரபூர்வக் கர்னலுக்குள் வந்தது 6.2-இல்தான். ஆர்டிடபிள்யூ88 என்ற குடும்பம், அதில் ஆர்டிடபிள்யூ88_8821சியூ என்ற மாட்யூல் (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு). 8811சியூ-வையும் அதுவே பிடிக்கும். 5.15-இலும் ஆர்டிடபிள்யூ88 இருக்கும், ஆனால் பிசிஐ கார்டுகளுக்கு மட்டும். அதனால்தான் டாங்கிள் சரியான நிலைக்கு வந்தும் அதைப் பிடிக்க ஆள் இல்லை.

கைவினைஞன்:

கிட்ஹப்பில் 8821சியூ-வுக்கு நல்ல டிரைவர் இருக்கிறதே. கிட், பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், கர்னல் ஹெடர்ஸ் ஆகிய கட்டும் கருவிகளைப் போட்டுவிட்டு இறக்கி, இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டினால் பத்து நிமிஷ வேலை. நான் என் 5.15 மெஷினில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வேகமும் நன்றாக இருக்கிறது. கர்னலை மாற்றுவது எல்லாம் புதியவருக்குப் பெரிய வேலை.

கட்டளைவரி:

நண்பரே, உங்களுக்கு அது நன்றாக ஓடுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இது அப்பா பயன்படுத்தும் மெஷின் என்பதை யோசிக்க வேண்டும்.

வெளியிலிருந்து கம்பைல் செய்த டிரைவர் அந்தந்தக் கர்னலுக்கென்று கட்டப்படும். கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் டிகேஎம்எஸ் மறுபடி கட்டும். பெரும்பாலும் கட்டிவிடும். ஒருநாள் புதிய கர்னலில் உள்ளே ஏதோ மாறியிருக்கும், டிரைவர் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது, கட்டுவது தோற்கும். அன்றைக்கு மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை இல்லை. அதைச் சரிசெய்யத் தேவையானதை இறக்க இணையமும் இல்லை. மகன் வெளியூரில் இருப்பார், அப்பா என்ன செய்வார்?

இரண்டாவது, செக்யூர் பூட்: கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு. கர்னலோடு வரும் மாட்யூல்களில் டிஸ்ட்ரோவின் கையொப்பம் இருக்கும். நாம் கட்டியதில் இருக்காது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று மறுத்துவிடும். அதற்கு எம்ஓகே (நம் சொந்தக் கையொப்பச் சாவி) பதிய வேண்டும்: பாஸ்வேர்டு கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, நீலத்திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்து, அதே பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அந்தத் திரை சில நொடிதான் நிற்கும். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மின்டில் கர்னல் மாற்றுவது மவுஸ் வேலைதான். அப்டேட் மேனேஜர், வியூ, லினக்ஸ் கர்னல்ஸ். 21.3-இல் 6.8 வரிசை இருக்கும், அதைத் தேர்ந்து இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட். பழைய 5.15 அப்படியே இருக்கும். புதியது பிடிக்கவில்லையென்றால் பூட் ஆகும்போது ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழையதில் ஏறலாம்.

கைவினைஞன்:

செக்யூர் பூட் விஷயம் நியாயம். ஆனாலும் வெளி டிரைவரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டாங்கிளை ஹாட்ஸ்பாட்டாக மாற்றி மற்றவர்களுக்கு வைஃபை கொடுப்பவர்களுக்கு அது இன்னும் உதவுகிறது. சில சிப்புகளுக்கு நெடுங்காலம் வேறு வழியே இல்லாமலும் இருந்தது. 8812ஏயூ-வை எடுத்துக்கொள்ளுங்கள், கர்னலுக்குள் அது வந்ததே வெகு தாமதமாகத்தான். அதுவரை எழுதியவர்களின் உழைப்பில்தான் நாமெல்லாம் ஓட்டினோம்.

கட்டளைவரி:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த டிரைவர்களைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. கர்னலுக்குள் இருந்தால் அதை முதலில் பார், இல்லாவிட்டால் வெளியே போ என்ற வரிசையைத்தான் சொல்கிறேன்.

பொருநைக்கரை:

கர்னல் வழியிலேயே போகிறேன். ஆனால் அதை இறக்கவும் நெட் வேண்டுமே! கணினியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டரில் கேபிள் போடட்டுமா?

பழையமதர்போர்டு:

வேண்டாங்க. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிள்ல டெஸ்க்டாப்போட இணைங்க. போன் செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கம் போய் ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் பண்ணுங்க. அடுத்த நிமிஷம் மின்ட்ல வயர்டு கனெக்ஷன்னு வந்துடும், டிரைவர் எதுவும் வேண்டாம். லினக்ஸுக்கு அது ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரிதான் தெரியும்.

இன்னொண்ணு: போன் உங்க வீட்டு வைஃபையில இணைஞ்சிருக்கட்டும். அப்போ போன் வழியா வர்றது வீட்டு நெட்டுதான், மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் மட்டும் சார்ஜ் கேபிளா இல்லாம டேட்டா போற கேபிளா பார்த்துக்கோங்க. டெதரிங் பொத்தான் மங்கலாவே இருந்தா தொண்ணூறு சதவீதம் கேபிள்தான் காரணம்.

நூலகத்தார்:

இந்த டெதரிங் யோசனையைப் புதிதாக லினக்ஸ் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வாசகசாலையில் நன்கொடையாக வந்த கணினிகளுக்கு லினக்ஸ் போடுகிறோம், இன்ஸ்டால் நாளில் போன் கேபிள் ஒன்று எப்போதும் கையில் இருக்கும்.

இங்கேயே எங்கள் சிக்கலையும் கேட்டுவிடுகிறேன், தனி இழை வேண்டாம் என்று. ஒரு கணினியில் மட்டும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ளன. மதர்போர்டிலேயே மீடியாடெக் எம்டி7921 வைஃபை. கர்னல் 6.8. சில நாள் லினக்ஸில் வைஃபை நன்றாக வருகிறது, சில நாள் காணவே காணோம். ரீஸ்டார்ட் செய்தாலும் வருவதில்லை. வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் போட்டுப் பார்த்தேன், தடுப்பு எதுவும் இல்லை. கார்டு பழுதாகிவிட்டதா?

கட்டளைவரி:

ஐயா, காணாமல் போகிற நாளுக்கு முந்தைய தடவை அந்தக் கணினியில் விண்டோஸ் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போயிருக்கும்போது சூடோ டிமெசெஜ் (கர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) போட்டு, எம்டி7921இ (அந்தக் கார்டின் டிரைவர்) வரும் வரிகளை இங்கே போடுங்கள்.

நூலகத்தார்:

கேட்டது சரியாக இருக்கிறது. பிள்ளைகள் விண்டோஸில் தட்டச்சுப் பயிற்சி செய்துவிட்டு ஷட்டவுன் கொடுத்துப் போன மறுநாள்தான் வைஃபை இல்லை. டிமெசெஜ்ஜில் ‘எம்டி7921இ … டிரைவர் ஓன் ஃபெயில்டு’ என்று வருகிறது.

கட்டளைவரி:

அப்படியென்றால் கார்டு நன்றாகவே இருக்கிறது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் போகிறது. வைஃபை கார்டும் விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே கிடக்கிறது. அடுத்து லினக்ஸ் ஏறி அதைக் கேட்டால் கொடுக்க மறுக்கிறது. நீங்கள் போட்ட வரியின் பொருள் அதுதான்.

உடனடித் தீர்வு: ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கி, கார்டு புதிதாக எழும். சும்மா ரீஸ்டார்ட் செய்தால் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், அதனால்தான் உங்களுக்குப் பலனில்லை. நிரந்தரத் தீர்வு: விண்டோஸ் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் டிரைவை லினக்ஸில் திறக்கும்போது வரும் ‘ரீட்-ஒன்லி’ தொல்லையும் இதனோடு தீரும்.

பொருநைக்கரை:

வைஃபை வந்துவிட்டது!! இதை வைஃபையில் இருந்துதான் எழுதுகிறேன்.

டெதரிங் போட்டு 6.8 கர்னல் ஏற்றினேன். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி சிடி ஐகான்தான் வந்தது. எஜெக்ட் கொடுத்தேன். லைட் அணைந்து எரிந்த கையோடு மேலே ஐகான் மாறி, பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஐபி லிங்க் பதிலில் டபிள்யூஎல்எக்ஸ் என்று ஒரு நீளப் பெயர். 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறது. அப்பா ஏற்கெனவே செய்தி வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் எஜெக்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், ஒரு பத்து நிமிஷம் சும்மா விட்டால் வைஃபை மந்தமாகிறது, பக்கம் திறக்கத் தாமதிக்கிறது.

கட்டளைவரி:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்த டபிள்யூஎல்எக்ஸ் பெயரை முழுதாக இங்கே போடாதது நல்லது. அதற்குப் பின்னால் இருக்கும் 12 எழுத்தும் உங்கள் டாங்கிளின் மேக் முகவரி, அதாவது அதற்கே உரிய வன்பொருள் எண். யாராவது பதில்களை ஒட்டும்போது அதை மறைத்து ஒட்டுங்கள்.

எஜெக்ட் பிரச்சினைக்கு யூடெவ் (சாதனம் செருகும்போது என்ன செய்வது என்று கவனிக்கும் பகுதி) விதி ஒன்று எழுத வேண்டும். இடிசி அடைவில் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி. அங்கே .ரூல்ஸ் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு, ஒரே வரி. யூஎஸ்பி சாதனம் புதிதாக வரும்போது ஐடிவெண்டார் 0பிடிஏ, ஐடிபிராடக்ட் 1ஏ2பி என்று இருந்தால், யூஎஸ்பி-மோட்ஸ்விட்சை ‘-கே -வி 0பிடிஏ -பி 1ஏ2பி’ என்று ஓட்டு என்பதுதான் அந்த வரியின் சாரம். கே மட்டும் பெரிய எழுத்து. நீங்கள் மவுஸில் கொடுக்கும் எஜெக்டைத்தான் அந்த -கே செய்கிறது. ரன் என்ற இடத்தில் கருவியின் முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும், யூஎஸ்ஆர், எஸ்பின் என்று தொடங்குவது. முழுப் பாதை இல்லாவிட்டால் யூடெவ் கண்டுபிடிக்காது. சரியான எழுத்தில் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அப்படியே ஒட்டுங்கள். சேமித்துவிட்டு டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் ஐகான் வந்த வேகத்தில் மறைய வேண்டும்.

மந்தமாவதற்குக் காரணம் அநேகமாக பவர் சேவிங். இடிசி-யில், நெட்வொர்க்மேனேஜர் (இணைய இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) அடைவில் கான்ஃப்.டி-க்குள் ‘டீஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்’ என்ற கோப்பு இருக்கும். அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் மிச்சப்படுத்து, 2 என்றால் வேண்டாம். லேப்டாப் பேட்டரிக்கு 3 நியாயம், சுவரில் செருகிய டெஸ்க்டாப்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மாற்றியபின் நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பழையமதர்போர்டு:

கூடவே டாங்கிளை எங்க சொருகியிருக்கீங்கன்னு பாருங்க. கேபினெட்டுக்குப் பின்னாடி, இரும்புக்கும் சுவருக்கும் நடுவுல, பக்கத்துலயே யூஎஸ்பி 3 ஹார்டுடிஸ்க் சொருகியிருந்தா 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் நிச்சயமா அடிவாங்கும். யூஎஸ்பி 3 ஓடும்போது அந்த அலைவரிசையிலயே இரைச்சல் கிளம்புது. இன்டெல்லே 2012-ல இதை அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்காங்க. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேஜை மேல கொண்டு வாங்க. நான் பார்த்த ‘டிரைவர் சரியில்லை’ கேஸ்ல நிறைய இந்த ஒரு கேபிள்ல சரியாயிருக்கு.

வன்னிநிலா:

எனக்கும் ஒரு உதவி வேணும். இது வேற மெஷின். டெபியன் 12 எண்ட இன்னொரு லினக்ஸ். முதல்ல டெஸ்க்டாப் திரை இல்லாமல் நெட்இன்ஸ்டால் (இணையத்தில இருந்து இறக்கிப் போடுறது) செய்து, அந்த நேரமே வைஃபையிலதான் இறக்கினனான். பிறகு க்னோம் எண்ட டெஸ்க்டாப் திரையைப் போட்டன். இப்ப இணையம் வேலை செய்யுது, ஆனா செட்டிங்ஸில வைஃபையே இல்லை! வேற வைஃபைக்கு மாற ஏலாமல் கிடக்கு. என்எம்சிஎல்ஐ டிவைஸ் போட்டால் ‘அன்மேனேஜ்டு’ எண்டு வருது.

கட்டளைவரி:

தங்கச்சி, இதில் டிரைவருக்கு எந்தக் குறையும் இல்லை. டெஸ்க்டாப் இல்லாமல் போட்டபோது இன்ஸ்டாலர் உங்கள் வைஃபை விவரத்தை இடிசி, நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டது. அங்கே ஒரு இடைமுகத்தின் பெயர் இருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைத் தொடாது. கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, டபிள்யூஎல் பெயர் வரும் வரிகளுக்கு முன்னால் எண் குறி (#) போட்டு முடக்கிவிடுங்கள். எல்ஓ (கணினியின் உள் இணைப்பு) வரிகளைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் செட்டிங்ஸில் வந்துவிடும். பாஸ்வேர்டு மறுபடி கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெபியன் 12 என்பதால் உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் -2’ என்று டிமெசெஜ் முழுக்க வரும். -2 என்றால் அந்தக் கோப்பே இல்லை என்று அர்த்தம். டிரைவர் சரியாக ஏறி, சிப்புக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு இல்லாமல் நின்றிருக்கும். இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

வன்னிநிலா:

வந்திட்டுது அண்ணா. எண் குறி போட்டு ரீஸ்டார்ட் செய்த உடன செட்டிங்ஸில வைஃபை பக்கம் திறந்தது. மிக்க நன்றி.

நூலகத்தார்:

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட்டோம். விண்டோஸில் இருந்து மாறி மாறி ஏற்றிப் பார்த்தோம், வைஃபை ஒருமுறைகூடப் போகவில்லை.

அடுத்த கேள்வி வாங்குவது பற்றி. வாசகசாலையில் வைஃபையே இல்லாத கணினிகள் உள்ளன. வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? கடையில் கேட்டால் ‘எல்லாம் லினக்ஸ்ல வேலை செய்யும் சார்’ என்கிறார்கள்.

கட்டளைவரி:

பிராண்டைப் பார்க்காதீர்கள் ஐயா, சிப்பைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் மூன்றாம் பதிப்பில் வேறு சிப்பும் வருவது சகஜம். டாங்கிளின் அடியில் சின்ன எழுத்தில் ‘வி1’, ‘வி3’ என்று இருக்கும், அதுவரை பார்க்க வேண்டும்.

டாங்கிளாக வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ: 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு, டிரைவர் கர்னலில் 4.19-இலிருந்தே இருக்கிறது. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, அதற்குக் கர்னல் 5.18-ஆவது வேண்டும். மின்னஞ்சல், பாடநூல் பிடிஎஃப் அளவுக்குப் போதும் என்றால் ஏதெராஸ் ஏஆர்9271. 2.4 மட்டும்தான், வேகம் குறைவு, ஆனால் எந்தப் பழைய டிஸ்ட்ரோவிலும் செருகிய கணத்தில் எழும். அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூட வெளியில் கிடைக்கிறது.

பழையமதர்போர்டு:

மதர்போர்டுல பிசிஐஇ ஸ்லாட் காலியா இருந்தா டாங்கிளை விட அதுல மாட்டற பிசிஐஇ கார்டு மேல்ங்க. இன்டெல் ஏஎக்ஸ்210 வச்சு வர்ற கார்டுகள் கிடைக்குது, கர்னல் 5.10-க்கு மேல எதுலயும் ஓடும். ஆனா பேர்ல ஒரு எண் மாறி ஏஎக்ஸ்211 வாங்கிடாதீங்க. அதுல பாதி வேலையை இன்டெல் சிப்செட்டே பார்க்கணும், அதுக்குன்னு இருக்கிற புது இன்டெல் போர்டுல மட்டும்தான் ஓடும். ஏஎம்டி போர்டுலயோ சாதாரண பிசிஐஇ அடாப்டர்லயோ மாட்டினா கார்டு இருக்கறதே தெரியாது, எல்எஸ்பிசிஐ-ல ஒரு வரிகூட வராது.

புளூடூத்தும் வேணும்னா கார்டோட வர்ற குட்டி யூஎஸ்பி வயரை மதர்போர்டு ஹெடர்ல சொருகணும். வைஃபை பிசிஐஇ வழியா போகும், புளூடூத் யூஎஸ்பி வழியா போகும். அந்த வயரைச் சொருகாம ‘புளூடூத் டிரைவர் இல்லை’ன்னு வர்றவங்க அதிகம்.

கைவினைஞன்:

பிராட்காம் நிறுவன சிப்புகள் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய டெஸ்க்டாப்புகளில் எல்எஸ்பிசிஐ பதிலில் 14இ4 என்று தொடங்கும் எண் வந்தால் அது பிராட்காம். பல பிராட்காம் சிப்புகளுக்குக் கர்னலில் உள்ள டிரைவர் போதாது. உதாரணத்துக்கு 14இ4:43ஏ0, அதாவது பிசிஎம்4360. இதற்கு அந்த நிறுவனத்தின் ‘டபிள்யூஎல்’ டிரைவர்தான் வேண்டும். மின்டில் டிரைவர் மேனேஜரே அதைப் பரிந்துரைக்கும், டெதரிங் போட்டுவிட்டு அதைத் திறந்தால் போதும். இது டிகேஎம்எஸ் வகைதான் என்பதால் கட்டளைவரி மேலே சொன்ன செக்யூர் பூட் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பொருநைக்கரை:

யூடெவ் விதி போட்டுவிட்டேன். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்தேன்: சிடி ஐகான் மின்னி மறைந்தது, லாகின் முடிவதற்குள் வைஃபை இணைந்துவிட்டது. பவர்சேவ் 2 ஆக்கியபின் மந்தமும் இல்லை. எக்ஸ்டென்ஷன் கேபிளும் போட்டாயிற்று, சிக்னல் இரண்டு கோட்டிலிருந்து நான்குக்கு ஏறியது.

இப்போது மின்ட் 22-க்கு மேம்படுத்தச் சொல்லி நண்பன் சொல்கிறான். செய்தால் இதெல்லாம் போய்விடுமா?

கட்டளைவரி:

போகாது. மின்ட் 22-இன் கர்னலே 6.8-தான், உங்கள் டிரைவர் அதிலும் இருக்கும். 22.2-இல் 6.14. யூடெவ் கோப்பு இடிசி-யில் இருப்பதால் மேம்படுத்தும்போது அழியாது. பழையதை அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால் மட்டும் அந்தக் கோப்பையும் பவர்சேவ் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்துவதற்கு முன் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (இப்போதைய நிலையின் பிரதி) எடுத்துவிடுங்கள், போன் கேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.